சுவர் வைக்க ஓர் ஆட்டம்

"இன்னைக்காவது ஜெயிச்சு முடிங்கய்யா. இறக்கி வச்ச செங்கலு மழையில நனையுது" என்றார் கொத்தனார் நல்லுசாமி.

"செத்த நேரம் பேசாம இரும்! ஒத்துமையா விளையாடிக்கிட்டு இருக்கோம்ல?" என்று சீறினாள் செபஸ்தியம்மாள். "ஒத்துமையா இருந்தாத்தான்யா வீட்டைப் பிரிக்க முடியும்!"

அவள் புருஷன் ஸ்தனிஸ்லாஸுக்கும், அவன் தம்பி பவுல்ராஜுக்கும் வீட்டின் நடுவே சுவர் வேண்டும். பஞ்சாயத்துக்குப் பங்குச் சாமியாரிடம் போனார்கள். அவர் ஓர் அட்டையை நீட்டினார். பரமபதம் மாதிரி கட்டம் போட்டு, ஏணியும் பாம்பும் அவரே வரைந்தது.

"காய் ஒண்ணுதான். அண்ணன் தம்பி, பெண்டாட்டிமாரு நாலு பேருக்கும் அதே காய். உருட்டின எண் சரியில்லேன்னா, 'விட்டுக்கொடுத்தேன்'னு சொல்லி அடுத்தவங்க கையில பகடையைக் கொடுத்துரணும். காய் மோட்சம் ஏறினா நாலு பேருக்கும் ஜெயம். ஒரே ஒரு தடவை ஜெயிச்சுட்டு வாங்க. சுவருக்கு நானே வந்து நூல் பிடிக்கிறேன்."

முதல் வாரம் அந்த ஒரு சொல் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

"அண்ணே, அஞ்சு வச்சா பாம்பு. விட்டுக்கொடு."

"அப்பன் வீட்டையே விட்டுக்கொடுக்காதவன், ஒரு பாம்புக்குப் பயந்து விட்டுக்கொடுப்பேனாலே?"

வைத்தான். பாம்பு கொத்தியது. நாலு பேரும் அடிக்கட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஆனால் சுவர் ஆசை லேசுப்பட்டதா? மெல்ல மெல்லப் பழகினார்கள். காய் விறுவிறுவென்று ஏறியது. பழக்கம் அடுப்படிக்கும் வந்தது.

"கடைசி மீனு நீ எடுத்துக்கோலே. விட்டுக்கொடுத்தேன்."

"நானும் விட்டுக்கொடுத்தேண்ணே."

மீன் தட்டுக்குத் தட்டு மாறி, கடைசியில் பூனை தின்றது.

மோட்சம் மட்டும் கிட்டவில்லை. மேலே போனதும், யார் காயை வைத்தாலும் பாம்புதான். வைத்தவர்மேல் மற்ற மூவரும் பாய்வார்கள். ஒருவர் மூஞ்சியை ஒருவர் முறைக்கவே நேரம் சரியாக இருந்தது. அட்டையை யார் பார்த்தார்கள்?

பார்த்தவள் புஷ்பமேரிதான். பவுல்ராஜின் மனைவி, கைப்பிள்ளைக்காரி. அவனுக்கு வேடசந்தூர்ப் பக்கம் மில்லில் ராத்திரி ஷிப்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் இழுப்பு வரும். அப்போதெல்லாம் இவள் கைகால் உதறிப்போய் நிற்பாள். ஓடிவந்து பிள்ளையை வாங்கி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஈரத்துணியால் துடைத்துவிடுவது ஓரகத்தி செபஸ்தியம்மாள்தான். திட்டிக்கொண்டேதான் செய்வாள்.

சுவர் எழும்பினால் ஓரகத்தி அந்தப் பக்கம்.

ஆனால் சுவருக்காக உரக்கக் கத்துவதும் அதே செபஸ்தியம்மாள்தான். "சுவரு வரட்டும்டி. உன் பிள்ளை அழுகையைக் கேக்காம நிம்மதியா ஒரு தூக்கம் போடுறேன்!"

அன்றைக்கும் பாம்பு கொத்தியது. ஸ்தனிஸ்லாஸ் பகடையை வீசி எறிந்தான்.

"இந்த அட்டையே ராசியில்ல. நாளைக்குச் சாமிகிட்ட வேற அட்டை வாங்கிட்டு வாரேன்."

"அதை முதல்ல செய்யுங்க!" என்றாள் செபஸ்தியம்மாள்.

மறுநாள் யாரும் கிளம்புமுன், புஷ்பமேரி அட்டையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள்.

"தோத்திரம் சாமி. வேற அட்டை கேட்டு அத்தான் வருவாங்க. கொடுத்துராதீங்க."

"ஏம்மா?"

"இதுல ஜெயிக்கவே முடியாது சாமி. மோட்சத்துக்கு முன்னால வரிசையா ஆறு பாம்பு. தாண்டணும்னா ஏழு விழணும். பகடையில ஆறுக்கு மேல ஏது? நான் எப்பவோ எண்ணிட்டேன். அக்காகிட்டத்தான் சொல்லல. சொன்னா அந்த நிமிஷமே உங்ககிட்ட வந்து நின்னுருப்பாங்க." முந்தானைக்குள்ளிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். "மறைச்சது பாவமா சாமி?"

சாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையை வெளிச்சத்தில் பிடித்தார்.

"நான் அஞ்சு பாம்புதானேம்மா போட்டேன்? ஆறு விழுற வரைக்கும் ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்கொடுத்தா ஏறிரலாம். இது யாரு போட்டது, வாழைப்பழத்துக்குக் கண்ணு வச்ச மாதிரி?"

மற்ற ஐந்தும் பேனாவால் வரைந்தவை. ஆறாவது மட்டும் மொழுமொழுவென்று கறுத்து மினுங்கியது.

புஷ்பமேரி தொட்டாள். விரலில் ஒட்டியது. முகர்ந்து பார்த்தாள். விளக்கெண்ணெய் வாசம்.

அவள் பிள்ளைக்கென்று செபஸ்தியம்மாள் திட்டிக்கொண்டே கூட்டித் தருகிற கண் மை.