ஏ ஸ்க்ராப்பு!

"ஏ ஸ்க்ராப்பு! எங்க நிக்கிற? இங்க வா!"

கிரேன் கேபினிலிருந்து திருமலை போட்ட கூச்சலில் மில்லே திரும்பிப் பார்த்தது.

ஆயுத பூஜை. கும்மிடிப்பூண்டியில் அந்தக் கம்பி மில்லுக்குள் குடும்பத்தை அழைத்து வர அன்று மட்டும்தான் அனுமதி. மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. எல்லாரும் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்திருந்தார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிரேன் பக்கம் ஓடினாள் பானு. திருமலை பெற்ற மகள். ஸ்க்ராப்பு என்று அவர் கூப்பிட்டது அவளைத்தான்.

பொரி பொட்டலம் போட்டுக்கொண்டிருந்த கேன்டீன் கோவிந்தம்மாவுக்குச் சுருக்கென்றது. அந்தப் பக்கத்தில் ஆளைத் திட்ட வேஸ்ட்டு, ஸ்க்ராப்பு இரண்டும் ஒன்றுதான். உருப்படாதவன் காலையில் வேஸ்ட்டு என்று வாங்கிக் கட்டிக்கொண்டால் சாயங்காலம் ஸ்க்ராப்பு என்று வாங்கிக் கட்டிக்கொள்வான்.

"பெத்த பொண்ண எப்டி கூப்புடுது பாரு இந்த ஆளு" என்றாள், கூட வேலை செய்யும் ரோசம்மாளிடம்.

"அத்த விடுக்கா. உம் புள்ள பரத் வரல?"

"அவனுக்கு வேல கீது."

டிப்ளமாவில் பாதிப் பேப்பரைக் கோட்டைவிட்டு, இரண்டு வருஷமாக வீட்டில் சும்மா கிடப்பவனுக்கு ஆயுத பூஜையன்று என்ன வேலை என்று ரோசம்மாள் கேட்கவில்லை. நல்ல மனுஷி.

கோவிந்தம்மாவின் செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். கட் பண்ணி, பொரி மூட்டைமேல் கவிழ்த்து வைத்தாள்.

நெற்றி நிறைய சந்தனத்தோடு மகளை அழைத்துக்கொண்டு வந்தார் திருமலை. கோவிந்தம்மாவுக்கு எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது. வழியை மறித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"இன்னாண்ணே இது? வயசுப் பொண்ண நாலு பேரு எதிர்ல ஸ்க்ராப்புன்னு கூவுற? அதுக்கும் மனசுன்னு ஒண்ணு கீதுல்ல?"

திருமலை சிரித்தார்.

"சிரிக்காத! பெத்த புள்ளைய வேஸ்ட்டுன்னு சொல்ற வாயி வெளங்கவே வெளங்காது!"

"வேஸ்ட்டுன்னு நான் எப்பம்மா சொன்னேன்? ஸ்க்ராப்புன்னுதான சொன்னேன்?"

"ரெண்டும் ஒண்ணுதான்!"

"ஒண்ணு இல்ல அத்தே" என்றாள் பானு. "நான் டென்த்ல ஃபெயில் ஆனேன்ல, தெருவே வேஸ்ட்டு வேஸ்ட்டுன்னிச்சு. நானும் அழுதுகினே கெடந்தேன். அந்த வருசம் ஆயுத பூஜைக்கு நைனா என்ன இங்க இட்டாந்தாரு. பூஜை முடிஞ்சி கிரேன ஓட்டிக் காட்டுனாரு. அந்தக் குப்பை மேட்டுல பெரிய மேக்னட்ட எறக்குனாரு. மண்ணு, ரப்பரு, பிளாஸ்டிக்கு எல்லாம் கீழயே கெடந்துச்சு. துரு புடிச்ச இரும்பு மட்டும் கப்புன்னு ஒட்டிக்கினு மேல போச்சு."

"ம்."

"'கீழ கெடக்குது பாரு, அது வேஸ்ட்டு. வெளிய கொட்டிடுவோம். மேல வருது பாரு, அது ஸ்க்ராப்பு. ஃபர்னஸுக்குப் போயி புதுக் கம்பியா வரும். உன் மேல கொஞ்சம் துரு ஏறிகீது, அவ்ளோதான். நீ ஸ்க்ராப்புடி'ன்னாரு. அன்னிலேந்து அந்தப் பேருதான் அத்தே. வேற பேரு சொல்லிக் கூப்ட்டா எனக்கே கோவம் வரும்."

திருமலைக்கு அதற்குமேல் தாங்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடுவில் புகுந்தார்.

"இப்ப அத்திப்பட்டு பவர் பிளான்ட்ல வெல்டரு, தெரியும்ல? எம்பொண்ணு வெச்ச வெல்டிங்க எக்ஸ்ரே புடிச்சிப் பாக்குறாங்க கோவிந்தம்மா! ஒரு பொட்டுக் குறை சொல்ல முடியல! ஸ்க்ராப்புன்னா சும்மாவா?"

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். கோவிந்தம்மாவுக்கும் பெருமையில் கண் கலங்கிவிட்டது. யார் வீட்டுப் பெண்ணாக இருந்தால் என்ன?

மறுபடியும் செல்போன் அடித்தது. மூட்டைக்குப் பக்கத்தில் நின்ற பானு எடுத்துக் கொடுக்கப் போனாள்.

"அத்தே, உனுக்குத்தான் ஃபோனு. பேரு..."

பாதியில் நிறுத்தினாள். அவள் நிறுத்தியதால்தான் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

திரையில் பெரிய எழுத்தில் ஒளிர்ந்தது: வேஸ்ட்டு.

திருமலை சட்டென்று அந்தப் பக்கம் திரும்பி, பூசணிக்காயை யார் உடைப்பது என்று விசாரிக்க ஆரம்பித்தார். கோவிந்தம்மா போனை வாங்கினாள். காதில் வைத்தாள்.

"அம்மா, கட் பண்ணிடாதம்மா." பரத்தின் குரல். "நீ வராதன்னுதான் சொன்ன. ஆனா பூஜைய பாக்கணும் போல கீது. நான் உள்ள வர்ல, கேட்டுக்கு வெளியவே நின்னுக்கறேன். உம் புள்ளன்னு யார்கிட்டயும் சொல்லிக்க மாட்டேன்."

ஊரையே கேள்வி கேட்கும் கோவிந்தம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு, மில் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"டேய் ஸ்க்ராப்பு! வெளிய இன்னாடா வெளிய? நல்ல சட்டையா போட்டுக்கினு அடுத்த ட்ரெயின புடிச்சி வா! கேட்டாண்ட நானே வந்து நிக்கிறேன். எம் புள்ளன்னு உன்ன எல்லாருக்கும் காட்டணும்!"