ஐந்து நாள் கண்ணாடி

“காருக்குக் கண்ணாடின்னு ஒண்ணை மனுஷன் கண்டுபிடிச்சதே, அதை இறக்கி வணக்கம் சொல்றதுக்குத்தான்!”

கோர்ச்சா நகரின் கார் கழுவும் கடை ஒன்றில், பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தபடி பெத்ரித் இதை அறிவித்தார். மழை, காற்று, தூசு போன்ற சில்லறை விஷயங்களை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

கடைக்காரர் லாம்பி வெள்ளி நிற மெர்சிடிஸ் ஒன்றின் கண்ணாடிகளுக்கு உள்பக்கம் கறுப்பு ஃபிலிம் ஒட்டி முடித்து, ரப்பர் பட்டையால் கடைசிச் சொட்டுத் தண்ணீரை வழித்துக்கொண்டிருந்தார்.

“யாரைச் சொல்றீங்கண்ணே?”

“வேற யாரை? என் மச்சான் தோமாவைத்தான். மூணு நாளா என்னைத் தாண்டித் தாண்டிப் போறான். கையைத் தூக்குறேன், கண்ணாடி இறங்க மாட்டேங்குது. காப்பிக் கடை வாசல்ல பதினோரு பேர் பார்த்தாங்க. தூக்கின கையை என்ன பண்றதுன்னு தெரியாம தலையைச் சொறிஞ்சேன்.”

“உள்ளேயிருந்து அவரும் கையைக் காட்டியிருப்பாருண்ணே.”

“காட்டியிருக்கலாம். கல்லறைக்குள்ள இருக்கிறவன்கூடத்தான் காட்டலாம். வெளியில நிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?”

லாம்பி பெருமூச்சு விட்டார். “ஞாயித்துக்கிழமைதான் அவர் கார்ல ஃபிலிம் ஒட்டினேன். பசை காயற வரைக்கும், அஞ்சு நாளைக்கு இறக்கக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். உங்க மகன் கல்யாண ஊர்வலத்துல ஜோராப் போகணும்னு ஆசைப்பட்டு ஒட்டினாரு.”

“அஞ்சு நாளா! எங்கப்பா செத்தப்பவே நாங்க மூணு நாள்தான் பேசாம இருந்தோம்.”

“அதுக்கில்லண்ணே...”

“முடிவு பண்ணிட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமை பொண்ணை அழைக்கப் போறப்போ முன் கார்ல அவனுக்கு இடம் கிடையாது. அங்கே கிளாரினெட்காரன் உட்காருவான். தாய்மாமன் கடைசி வேன்ல, மேளக்காரன் மடியில வரட்டும்.”

லாம்பியின் கை அப்படியே நின்றது. “தாய்மாமன் இல்லாத முன் காரா? பொண்ணு வீட்ல கதவைத் திறப்பாங்களா? வீட்ல ஒலிம்பி அக்கா என்ன சொன்னாங்க?”

“அழுதா. அழட்டும். அவ தம்பி கண்ணாடியை இறக்கி எனக்கொரு வணக்கம் சொன்னா முன் கார். இல்லேன்னா மேளக்காரன் மடி.”

பெத்ரித் நாற்காலியோடு நகர்ந்து வந்து, ஒட்டிய ஃபிலிமை ஏற இறங்கப் பார்த்தார்.

“அப்படி என்ன மகாராணி இது? அழுக்கானா செய்தித்தாளைக் கசக்கித் துடைச்சா ஆகாதோ?”

“கீறிடும். மைக்ரோஃபைபர் துணிதான்.”

“கடையில விக்குதே, நீலமா ஒரு மருந்து?”

“அமோனியா கலந்ததா இருந்தா ஃபிலிம் ஊதா நிறமாகி உரிஞ்சிடும். ரெண்டு சொட்டு சோப்பு விட்ட தண்ணி போதும். அதுவும் ஒரு மாசம் கழிச்சு.”

“எங்க வீட்ல எந்தக் கண்ணாடியா இருந்தாலும் திராட்சைச் சாராயம் தொட்டுத்தான் துடைப்போம்.”

“சாராயத்தை நீங்க குடிச்சிடுங்க. அப்புறம் அழுக்கே தெரியாது.”

“இதோ, இங்கே கொப்புளம் மாதிரி இருக்கே? ஊசியால குத்தலாமா?”

“ஐயோ, கூடவே கூடாது! அது தண்ணி. வெயில்ல தானாக் காஞ்சிடும்.”

“பார்த்தியா! துணி தனி, தண்ணி தனி, ஊசி ஆகாது. பச்சைக் குழந்தைகூட இவ்வளவு படுத்தாது.” பெத்ரித் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “ஒரு துண்டு ஃபிலிமுக்குப் பயந்து சொந்தக்காரன் முகத்தைப் பார்க்காதவனெல்லாம் மனுஷனா? நானா இருந்தா, அது உரிஞ்சு நாராத் தொங்கினாலும் இறக்குவேன்!”

சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவருடைய கார் கடை வாசலைத் தாண்டித் தெருவில் ஏறியதும், எதிரே தோமாவின் கார் வந்தது. ஊர் வழக்கப்படி இரண்டும் நடுத்தெருவில், கதவைக்கூடத் திறக்க முடியாத நெருக்கத்தில், ஓட்டுநருக்கு ஓட்டுநர் நேராக நின்றன. பின்னால் நான்கு கார்கள் நின்று மரியாதையாக ஹாரன் அடித்தன.

தோமாவின் கறுப்புக் கண்ணாடி ஒருமுறை நடுங்கியது. பிறகு சர்ரென்று இறங்கியது. அதன் மேல் விளிம்பில் ஃபிலிம் வெங்காயத் தோலாகச் சுருண்டது. கடை வாசலில் நின்ற லாம்பி தலையில் கை வைத்துக்கொண்டார்.

தோமா தலையை வெளியே நீட்டினார். “அத்தான்! அக்கா போன் பண்ணி ஒரே அழுகை. பாருங்க, உங்களுக்காக இறக்கிட்டேன். ஃபிலிம் போனாப் போகுது. நல்லா இருக்கீங்களா?”

பெத்ரித்தின் கண்கள் கலங்கிவிட்டன. விரல் தானாகக் கண்ணாடிப் பொத்தானுக்குப் போனது. அதன் மேல், கால் மணி நேரத்துக்கு முன்பு லாம்பி ஒட்டிய சிவப்பு ஸ்டிக்கர் இருந்தது: ‘திங்கட்கிழமை வரை தொடாதே.’

விரல் திரும்பி வந்து கைப்பேசியை எடுத்தது.

ஒரு முழத் தூரத்தில் தோமாவின் போன் அடித்தது.

“நல்லா இருக்கேன் மச்சான். முன் கார் உனக்குத்தான்,” என்றது, வெள்ளி நிற மெர்சிடிஸின் புத்தம் புதிய கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு தாழ்ந்த குரல். “மத்ததெல்லாம் திங்கட்கிழமை கண்ணாடியை இறக்கிப் பேசிக்கலாம்.”