மடிப்பில் விட்ட துணி

குழந்தைக்குக் கவுன் தைக்கும்போது, கீழே நான்கு விரல் துணியை உள்ளே மடித்து வைத்துத் தைப்பது அவள் வழக்கம். பிள்ளை வளர வளரப் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். சுண்டெலி என்று அவள் கூப்பிடும் மகளுக்கு மூன்று வயது. பிழைத்ததே பெரிது என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள்.

அந்த வாரம் தைத்த கவுனைக் காலையில் எடுத்தபோது உள்மடிப்பைக் காணவில்லை. கவுனின் நீளம் குறையவில்லை. வளர்வதற்கென்று விட்ட துணி மட்டும் வெட்டப்பட்டு, விளிம்பு அவள் கையைவிட நேர்த்தியாகத் தைக்கப்பட்டிருந்தது. கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. அந்த வீட்டில் தைக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அடுத்த கவுனுக்கும் அதே கதி.

“இனிமே அளவாவே தைச்சிடுங்க அண்ணி. எதுக்கு வம்பு?” என்றாள் நாத்தனார்.

“அளவான்னா? இவ இதுக்கு மேல வளர மாட்டான்னு நானே ஒத்துக்கணுமா?”

அவள் கனத்த ஜன்னல் திரையைக் கழற்றினாள். தன் உயரத்துக்கு வேண்டிய துணி முழுவதையும் அடுக்கடுக்காக உள்ளே மடித்து, இரட்டை நூலில் ஒரு கவுன் தைத்தாள். சுண்டெலிக்குப் போட்டுப் பார்த்தபோது மூட்டை போல முழங்கால்வரை நின்றது.

“இது எனக்காம்மா, யானைக்கா?”

“உனக்குத்தான்டி. என் உசரம் வர்ற வரைக்கும்.”

கவுனை மேசையில் விரித்து, பக்கத்திலேயே கத்தரிக்கோலையும் வைத்தாள். “முடிஞ்சா வெட்டு பார்ப்போம்” என்றாள், காலி அறையைப் பார்த்து.

காலையில் கத்தரிக்கோல் முனை உடைந்து தரையில் கிடந்தது. கவுனில் ஒரு நூல்கூட வெட்டுப்படவில்லை. முதல் மடிப்பு மட்டும் பிரித்துவிடப்பட்டிருந்தது.

சுண்டெலிக்குப் போட்டுவிட்டாள். ஒரு மடிப்பு இறங்கியிருந்தும், நேற்றுப் போலவே, விளிம்பு முழங்காலில்தான் நின்றது.