கறுக்காத அப்பிள்

"கடைசியா இவரு நல்லா இருந்தத யாரு கண்ட? எத்தின மணிக்கி?"

டொக்டர் நிப்லா கேட்டது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த கிளறன்ஸின் மனைவி நிஷாந்தினியிடம்தான். ஆனால் கிளறன்ஸின் தம்பி ஹரிசன் முந்திக்கொண்டான்.

"பத்து மணிக்கு நல்லா இருந்தவர் டொக்டர், கூடிப்போனா மூண்டு மணித்தியாலம். அப்பிள் வெட்டி வச்சிருந்தவர். நான் எட்டிப் பார்க்கேக்க துண்டெல்லாம் வெள்ளை வெளேரெண்டு இருந்தது. கறுக்கவே இல்ல. பிறகு தேத்தண்ணி கொண்டு மேல போகேக்கதான் இப்பிடிக் கிடந்தவர்."

டொக்டரின் முகம் தெளிந்தது. பாரிசவாதம் வந்து நாலரை மணித்தியாலத்துக்குள் என்றால் அடைப்பைக் கரைக்க ஊசி போடலாம் என்றாள். ஸ்கேனிலும் இரத்தக்கசிவு இல்லை. கை, கால், பேச்சு எல்லாம் திரும்ப வாய்ப்பிருக்கிறது. ஆனால் நேரம் தப்பிய பிறகு போட்டால் அதே ஊசி மூளைக்குள் இரத்தத்தைக் கசியவிட்டு ஆளையே கொன்றுவிடும். அதையும் சொல்லிவிட்டுத் தாதியைக் கூப்பிட்டாள்.

நிஷாந்தினி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். பகல் ஒரு மணி.

அந்த அப்பிளை வெட்டியது கிளறன்ஸ் இல்லை. காலையில் ஏழு மணிக்கு, களனி பஸ்ஸைப் பிடிக்கிற அந்தரத்தில், அவள் வெட்டி வைத்தது.

தலையிடி, இன்றைக்குத் துறைமுகத்துக்கு லீவு என்று படுத்துவிட்ட மனிதர் வெறும் வயிற்றோடு கிடக்கக்கூடாதே என்று வெட்டினாள். வெட்டியதோடு விட்டாளா? தான் ஆராய்ச்சி செய்கிற கம்பஸ் ஆய்வுகூடத்திலிருந்து சின்னப் போத்தலில் கொண்டுவந்த சாற்றில் ஒவ்வொரு துண்டையும் தோய்த்தும் எடுத்தாள்.

கறுவா இலையும் பச்சைத் தேயிலையும் ஊறிய சாறு அது. அதிலிருக்கிற அன்டிஒக்சிடன்ட், காற்றுப் பட்ட பழம் கறுத்துப்போகாமல் காக்கும். பப்பாசியில் பூஞ்சணம் பிடிப்பதையும் தள்ளிப்போடும். இரண்டு வருடமாக அவளுக்கு வேறு கதையே கிடையாது. கொட்டாஞ்சேனை வீட்டில் பழத்தைக் கையில் எடுத்தாலே கிளறன்ஸ் பகிடியைத் தொடங்கிவிடுவார்.

"என்னையும் ஒருக்கா அந்தத் தண்ணியில தோய்ச்சு விடுமன். நானும் பழுதாகாம இருப்பன்."

ஒரு நிமிடம் சும்மா இருக்கத் தெரியாத அந்த வாய் இப்போது ஒரு பக்கமாக இழுபட்டுக் கிடந்தது. கண்கள் அவளையே பார்த்தன.

தாதி மருந்துத் தட்டோடு வந்துகொண்டிருந்தாள்.

பேசாமல் நின்றால் என்ன? யாருக்குத் தெரியப்போகிறது? உண்மையிலேயே இப்போதுதான் வந்திருந்தால்? அந்தோனியாரே, அப்படி இருந்துவிடக்கூடாதா?

அப்படி இல்லாவிட்டால், ஊசி அவரைக் கொன்றுவிடும்.

"இல்ல டொக்டர்." தன் குரலே அவளுக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது. "அது காலமை ஏழு மணிக்கு நான் வெட்டினது. கறுக்காம இருக்கிறதுக்குச் சாறு போட்டனான். அப்பதான் அவர் கடைசியாக் கதைச்சவர்."

டொக்டர் கையை உயர்த்தினாள். தட்டு வந்த வழியே திரும்பிப் போனது. இனிச் செய்யக்கூடியதை எல்லாம் செய்வோம், அந்த ஊசி மட்டும் முடியாது என்று மெதுவாகச் சொன்னாள். அதற்குமேல் நிஷாந்தினியின் காதில் ஒன்றும் ஏறவில்லை.

என்ன பாழாய்ப்போன சாறு! இரண்டு வருடம் மண்டையை உடைத்து, மணிக்கூட்டை ஏமாற்றத்தானா கண்டுபிடித்தாள்?

ஹரிசன் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஐயோ அண்ணி, பத்து மணிக்குக் கதவாலதான் எட்டிப் பார்த்தனான். எழும்பி அப்பிளும் வெட்டி வச்சிட்டுத் திரும்பவும் நித்திரையாக்கும் எண்டு நினைச்சன். அண்ணா எழும்பிட்டார் எண்டு உங்களுக்குப் படமும் அனுப்பினனானே!"

ஓம், அனுப்பினான்.

அந்தப் படத்தைப் பார்த்துத் துள்ளிக் குதித்தவள் அவள்தான். அப்பிளை வெட்டியது யார் என்று ஹரிசனுக்குத் திருத்திச் சொல்லக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. மூன்று மணித்தியாலம் ஆகியும் மருந்துக்கும் கறுப்பு இல்லை! பக்கத்து மேசைக்காரியின் தோளைத் தட்டிக் காட்டினாள். பிறகு பீங்கான் தட்டு மட்டும் தெரியும்படி சுற்றியிருந்ததை எல்லாம் நீக்கிவிட்டு, ஆய்வுகூட வட்ஸ்அப் குழுவிலும் போட்டாள்.

கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். குழுவில் கைதட்டல்கள் இன்னும் வந்துகொண்டிருந்தன.

ஹரிசன் அனுப்பிய முழுப் படத்தைத் தேடித் திறந்தாள். பீங்கான் நிறைய வெள்ளைத் துண்டுகள். காலையில் அவள் அடுக்கிய அடுக்குக் குலையவில்லை, ஒன்றுகூடக் குறையவில்லை.

அவள் நீக்கிய பக்கத்தில் கிளறன்ஸ் சுவர்ப்பக்கம் முகம் திரும்பிக் கிடந்தார். ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. அதற்கு நேர் கீழே, நிலத்தில், முள்ளுக்கரண்டி விழுந்திருந்தது.

அப்போது ஊசிக்கு இன்னும் நேரம் இருந்தது.