தண்ணீர் ஏறாத மெசின்

"ஏறுதா தாஹிர்? சத்தம் கேக்குதே!"

"உறுமுறது மெசின்தான் முதலாளி. தண்ணி ஒரு சொட்டும் உள்ளுக்கு வரேல்ல."

அருளம்பலத்தார் தலையில் கை வைத்தார். துறைமுகத்து ஏலத்தில் எடுத்த கப்பல் மெசின் அது. சாப்பிட்ட பீங்கான் தட்டுகளை அடுக்கிக் கதவைச் சாத்தினால் தானே கழுவிவிடும் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். இன்று அவருடைய புதுக் கலியாண மண்டபத்தில் முதல் விருந்து.

"முதல் பந்தி முடியமுன்னம் இது ஓடவேணும். ஓடினால் நீ இங்க நிரந்தரம். இல்லாட்டி இதோட நீயும் வெளியால!"

தாஹிர் மறுபடி மெசினடியில் குனிந்தான். சீனன்குடாவில் வேலை போனதிலிருந்து சும்மா இருக்கிறான். ஆனால் மெசின் ஓடினால், பீங்கான் கழுவும் இரண்டு பெண்களுக்கும் நாளையிலிருந்து வேலை இல்லை. ஒருத்தி இராசமலர். மற்றவள் நபீஸா, அவனுடைய கூடப்பிறந்த அக்கா.

அந்த நபீஸாதான் டோர்ச் பிடித்துக்கொண்டு அவனருகே குந்தியிருந்தாள்.

"பைப்பைத் திறந்தியா?"

"முழுக்கத் திறந்த நான், ராத்தா."

"றப்பர்க் குழாய் எங்கயும் மடிஞ்சு கிடக்குதா?"

"இல்ல."

"கதவு இறுகிச்சா?"

"மூணு தரம் சாத்திட்டன்!"

இராசமலருக்குப் பொறுக்கவில்லை. "உன்ர சோத்தில மண் விழுகுது, நீ அதுக்கு வெளிச்சம் பிடிக்கிறாய்!"

"தண்ணி வரட்டும் மலர். சும்மா இரு."

தாஹிர் குரலைத் தாழ்த்தினான். "எனக்கு இந்த வேலை வேணாம் ராத்தா. ஏலாதெண்டு சொல்லிட்டுப் போறன்."

"போனியெண்டா காலை முறிப்பன்!" என்றவளின் வெளிச்சம் பைப்பின் வாயில் நின்றது. "தம்பி, இதில நான் கட்டின துணி எங்க?"

துருவேறிய கறள் தண்ணீருக்குப் பயந்து அந்த ஊரில் துணி கட்டாத பைப் இல்லை. அதனாலேயே அது எவர் கண்ணிலும் படுவதில்லை. தாஹிர் துணியின் மேலேயே றப்பர்க் குழாயைச் செருகி இறுக்கியிருந்தான்.

கழற்றினான். துணி கறட்சேற்றில் ஊறிக் கட்டிபட்டிருந்தது. அதை உருவியெறிந்து, மறுபடி பூட்டித் திறந்தான்.

சோவென்ற இரைச்சல்.

"ஏறுது! ஏறுது!" அருளம்பலத்தார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார். "தாஹிர், நாளையிலயிருந்து நீ என்ர ஆள்! பிள்ளையள், நீங்கள் இண்டையோட... குறை நினைக்காதேங்கோ."

தாஹிர் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் நின்றான்.

"வழி விடுங்க! முதல் பந்தி முடிஞ்சுது!"

கலியாண வீட்டுக் கலீலுர் றஹ்மான் முன்னால் வந்தார். பின்னால் ஆட்கள் இரண்டு கையாலும் சுமந்து வந்தவை பீங்கான்கள் அல்ல, சஹன்கள். ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் தாலங்கள், ஒவ்வொன்றும் வண்டிச் சில்லுப்போல.

அருளம்பலத்தார் ஒன்றை வாங்கி நேரே தள்ளிப் பார்த்தார், சரித்துப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார். மெசினுக்குள் பாதிகூடப் போகவில்லை.

"பீங்கானில எண்டுதானே கதைச்சது?"

"கலியாணம் எண்டா சஹன்தானே முதலாளி? பள்ளிவாசல்ல எடுத்து வந்த நாங்க."

"ஐயோ, இனிப் பதிஞ்சு கிடக்கிறதெல்லாம் கிண்ணியா, மூதூர்க் கலியாணம், அவையும் சஹன்தான் கேப்பினம்!" அவர் கதிரையில் சாய்ந்தார். "தாஹிர், கிளாசுகளையாவது மெசினில போடு. பிள்ளையள், ஒருத்தரும் போகாதேங்கோ!"

இராசமலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நபீஸா முதல் சஹனை இழுத்து வைத்து, தம்பியின் காதோரம் சொன்னாள்: "மெசின்ட வாயைச் சாணால அளந்து பார்த்திட்டுத்தான், நேத்துப் பொண்ணு வீட்டுக்குப் போய், 'சஹன்ல போடுங்க' எண்டு சொன்ன நான்."