செருமல்

குங்ஃபூ படத்தின் முதல் பாகத்தில் மாஸ்டருக்குத் தமிழ்க்குரல் கொடுத்த மாசிலாமணிக்கு இரண்டாம் பாகத்தில் வில்லன் குரல்தான் கிடைத்தது. மாஸ்டருக்கு இப்போது எழிலன் பேசியிருந்தான். ஒவ்வோர் உதைக்கும் முன்னால் மாஸ்டர் லேசாகத் தொண்டையைச் செருமுவாரே, அது மாசிலாமணி தன் கைச்சரக்காகச் சேர்த்தது. அதைக்கூட விட்டுவைக்காமல் அந்தப் பயல் அப்படியே செருமியிருந்தான். ஹெட்போனில் கேட்கக் கேட்க அவருக்கு வயிறு எரிந்தது.

கடைசிக் காட்சியில் வில்லன் மண்டியிட்டு, "நீதான்யா மாஸ்டர்" என்று சொல்லிச் சாக வேண்டும். ஆறு டேக் வீணாகிவிட்டது. ஏழாவதில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு சொல்லிவிட்டார். திரையில் வில்லன் சாய்ந்து கண்ணை மூடினான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சவுண்ட் இன்ஜினியர் தயங்கிச் சொன்னார்:

"அண்ணே, அவன் செத்துட்டான். நீங்க செருமுறீங்க."