ஷோகேஸில் ஒரு மெர்லோ

எட்டு வருஷம் கட்டிக் காத்த ஒயின் பாட்டிலைக் கார்மேகம் ஒருத்தனே காலி செய்துவிட்டான். மணிமாறனுக்கு வயிறு எரிந்தது.

சும்மா பாட்டிலா அது? முன்பு மணிமாறனுக்கு மேனேஜராக இருந்த பிரெஞ்சுக்காரர், துபாயை விட்டுப் போகும்போது ஆசையாகக் கொடுத்தது. முந்நூறு வருஷத்துத் திராட்சைத் தோட்டம், ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பிழிந்து பீப்பாயில் ஊறவைக்கிற மெர்லோ. மற்ற சிவப்பு ஒயின் மாதிரி நாக்கைப் பிடித்து இழுக்காது, பட்டு மாதிரி இறங்கும், நாவற்பழ வாசனை வரும் என்றார். காக்க வைக்காதே, நல்ல சிநேகிதனோடு சீக்கிரம் குடித்துவிடு என்றும் சொன்னார்.

மணிமாறனா கேட்பான்? ஒயின் என்றால் பழசாகப் பழசாகத்தானே மதிப்பு, மனுஷர் ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டான். துபாய் சத்வா பகுதியில் இருந்த தன் ஃபிளாட்டில் ஜன்னலுக்கு எதிரே இருந்த ஷோகேஸில், கல்யாண போட்டோவுக்குப் பக்கத்தில் எடுப்பாக நிற்க வைத்தான். வருகிறவர்களுக்கெல்லாம் தோட்டத்துக் கதையைச் சொன்னான். திறக்க மட்டும் மனசு வரவில்லை.

கார்மேகம் அந்தக் கதையை எத்தனை தடவை கேட்டிருப்பானோ. இருவரும் ஒரே ஏஜென்ட் மூலம் வந்து, அல் கூஸ் லேபர் கேம்ப்பில் மேல் கட்டில் கீழ்க் கட்டிலில் படுத்தவர்கள். மணிமாறன் சூப்பர்வைசராகிக் குடும்பத்தைக் கூட்டிவந்தான். கார்மேகம் கேம்ப்பிலேயே இருந்துவிட்டான். மணிமாறனுக்குப் பையன் பிறந்தபோது, இன்றைக்காவது திறடா மாப்ள என்று கேட்டான். தன் மகளுக்கு டீச்சர் வேலை கிடைத்தபோதும் கேட்டான். இன்னும் கொஞ்சம் ஊறட்டும் என்று இரண்டு தடவையும் மணிமாறன் பேச்சை மாற்றிவிட்டான்.

இப்போது சைட் வேலையெல்லாம் படுத்துவிட்டது. கார்மேகத்துக்கு விசா கேன்சல். சாயங்காலம் ஃபிளைட், இனி வரமாட்டான். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவனை அழைத்து, மனசைக் கல்லாக்கிக்கொண்டு பாட்டிலைத் திறந்தான் மணிமாறன். இரண்டு கிளாஸில் ஊற்றினான்.

கார்மேகம் முந்திக்கொண்டு ஒரு வாய் குடித்தான். கண்ணில் தண்ணீர் நின்றது. பிரிகிற துக்கம்தான் என்று மணிமாறன் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தான்.

"அருமைடா மாப்ள. உங்க மேனேஜர் சொன்னது நெசந்தான், பட்டு மாதிரி இறங்குது."

மணிமாறன் தன் கிளாஸுக்குக் கை நீட்டினான். அதற்குள் கார்மேகம் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"உனக்குத்தான் அல்சராச்சே. நீ தொடாத, இதும் எனக்குத்தான்."

விளையாட்டு என்றுதான் மணிமாறன் நினைத்தான். விளையாட்டில்லை. இரண்டு கிளாஸும் போனது, பாட்டிலும் அவன் கைக்குப் போனது. ஒரு வாய் கொடுடா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டும் பார்த்தான். கார்மேகம் சிரித்தானே தவிர கொடுக்கவில்லை. மணிமாறன் மனைவி சந்தியா பொரித்து வைத்த வஞ்சிரத்தைக்கூடத் தொடாமல் மடமடவென்று குடித்து முடித்தான்.

ஏர்போர்ட் வரைக்கும் காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருந்த மணிமாறன், தலைவலி என்று சொல்லி டாக்ஸி பிடித்துக் கொடுத்தான். வாசலில் கார்மேகம் கட்டிப்பிடித்தபோது விறைத்துக்கொண்டு நின்றான்.

"இத்தனை வருஷம் காத்து வச்சு எனக்குன்னு திறந்தியே மாப்ள. அது போதும்" என்றான் கார்மேகம்.

டாக்ஸி போன பிறகு மணிமாறன் புலம்பித் தீர்த்தான். காணாததைக் கண்டவன் மாதிரி குடிக்கிறான், ஒரு வாய் கொடுக்க மனசு வரவில்லை, இவனெல்லாம் ஒரு சிநேகிதனா என்று பொருமினான். ஃபிளைட் கிளம்பும் நேரம் தாண்டியும் அவனுக்கு ஆறவில்லை.

சந்தியா கிளாஸ்களைக் கழுவ எடுத்தாள். அடியில் தங்கியிருந்ததை முகர்ந்து பார்த்தாள். விரலில் தொட்டு நாக்கில் வைத்தவள், சட்டென்று சிங்க்கில் துப்பினாள்.

"என்னங்க இது, வினிகர் மாதிரி புளிக்குது. இதையா அண்ணன் அருமை அருமைன்னு குடிச்சாரு?"